"நல்ல நிலை" என்று எழுதிவிட்டு உள்ளே இருக்கும் குறையைச் சொல்லாமல் விட்டால், அது யார் பொறுப்பு?

#1 நிழல்கோடு

வணக்கம். ஒரு விஷயத்தில் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. நான் நினைப்பது நியாயமா, இல்லை அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறேனா என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில், தனிநபர் ஒருவரிடம் பழைய 50 மி.மீ. மேனுவல் லென்ஸ் வாங்கினேன். அவர் எழுதியிருந்தது மொத்தமே ஒரு வரி: "50 மி.மீ. லென்ஸ். நல்ல நிலை. படங்களில் உள்ளபடி." படங்கள் மூன்று. வெளியே கீறல் கிடையாது, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது, ஃபோகஸ் வளையத்தின் ரப்பர்கூடத் தேயவில்லை. சரி, பத்திரமாக வைத்திருந்த பொருள் என்று நம்பி வாங்கிவிட்டேன்.

பார்சல் வந்த அன்று இரவு, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாக ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. அதுவும் இரண்டு கண்ணாடிகளில். ஜன்னலைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் விழுந்த பக்கமெல்லாம் பால் தெளித்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

விற்றவருக்கு மரியாதையாகத்தான் எழுதினேன். வந்த பதில் இது: "ஃபங்கஸ் இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? நீங்கள் கேட்கவே இல்லையே. படத்தில் இருப்பதுதான் வந்திருக்கிறது."

அந்தப் பதில்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நல்ல நிலை" என்ற இரண்டு சொல்லைத் தவிர அவர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வெளியே பார்த்தால் அதுவும் பொய் இல்லை. ஆனால் நான் ஏமாந்துதான் போயிருக்கிறேன்.

#2 சாம்பல்குருவி

எத்தனை நாள் ஆயிற்று? நியாயம் பேசுவதெல்லாம் அப்புறம். முதலில் தளத்துக்குள்ளேயே ரிட்டர்ன் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். பேசிக்கொண்டே இருந்தால் நாள் ஓடிவிடும். லிஸ்டிங்கை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்று முடிந்த பக்கங்கள் நெடுநாள் நிற்காது.

#3 நிழல்கோடு

வந்து நான்கு நாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். ரிட்டர்ன் இன்னும் கேட்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தால் கேட்க எனக்கு மனசு வராது, அதனால்தான் இங்கே வந்தேன்.

#4 வெண்கலமணி

நண்பரே, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். பழைய பொருள் வாங்கும்போது கேள்வி கேட்பது வாங்குபவரின் வேலை. விற்பவர் எல்லாரும் புகைப்படக்காரர்கள் இல்லை. வீட்டுப் பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்துப் படம் பிடித்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அவரிடம் போய் டார்ச் அடித்துப் பார்த்தாயா என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? விலையும் குறைவாகத்தான் இருந்திருக்கும். விலை குறைவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட்டது எத்தனையோ இருக்கும். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் விற்கலாம் என்றால் யாரும் எதையும் விற்க முடியாது.

#5 மரப்பெட்டி

நான் பதினொரு வருஷமாகப் பழைய கருவிகளும் கேமராச் சாமான்களும் ஆன்லைனில் விற்கிறேன். விற்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன்.

வெண்கலமணி சொல்வதில் பாதி உண்மை. எனக்கு வரும் புகார்களில் நிறைய, எழுதியதைப் படிக்காமல் வாங்கியவர்களிடமிருந்து வருபவை. "பேட்டரி கிடையாது" என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பேன், பேட்டரி எங்கே என்று கேட்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் போட்ட அலமாரிக்கு "மூலையில் நுழையவில்லை, குறிப்பு தவறு" என்று ஒருவர் கேஸ் போட்டார். அந்த வேதனை இருப்பதால் விற்பவர் பக்கம் சாயத்தான் எனக்குத் தோன்றும்.

ஆனாலும் இந்த விஷயத்தில் என்னால் சாய முடியவில்லை. காரணம் "நல்ல நிலை" என்ற அந்த இரண்டு சொல். வெறுமனே "50 மி.மீ. லென்ஸ், உள்ளே பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் அது வேறு. "நல்ல நிலை" என்று சொன்ன பிறகு, லென்ஸ் எதற்காக இருக்கிறதோ அந்தக் கண்ணாடியையும் சேர்த்துத்தான் வாங்குபவர் புரிந்துகொள்வார். ரப்பரும் எழுத்தும் நன்றாக இருப்பதைப் பார்த்து யாரும் லென்ஸ் வாங்குவதில்லை.

நிழல்கோடு, அந்த மூன்று படங்கள் எப்படி எடுக்கப்பட்டிருந்தன? அதைச் சொல்லுங்கள். எழுத்தைவிடப் படம்தான் நிறையக் காட்டிக்கொடுக்கும்.

#6 நிழல்கோடு

நீங்கள் கேட்டதும் மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதை முன்னாலேயே கவனிக்காமல் போய்விட்டேன்.

முதல் படம் பக்கவாட்டில், மேஜை மேல் நிற்கிறது. இரண்டாவதில் பின்மூடி போட்டிருக்கிறது. மூன்றாவது நேர் எதிரிலிருந்து, முன்கண்ணாடி நன்றாகத் தெரிகிறது. ஆனால் அதில் அபெர்ச்சர் வளையம் 16-இல் நிற்கிறது. துளையை மூடித் திறக்கும் இதழ்கள் சுருங்கி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/16 என்றால், 50-ஐ 16-ஆல் வகுத்து, துளை ஏறக்குறைய 3 மி.மீ. இந்த லென்ஸ் எஃப்/2 வரை திறக்கும், அப்போது 25 மி.மீ. பரப்பில் பார்த்தால், முழுதாகத் திறந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டியதில் 64-இல் ஒரு பங்குதான் அந்தப் படத்தில் தெரிகிறது. ஃபங்கஸ் இருப்பது இதழ்களுக்குப் பின்னால்.

வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. சும்மா வைத்திருந்த நிலையிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் "படங்களில் உள்ளபடி" என்பதை இனிமேல் அவர் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் பகுதி படத்திலேயே இல்லை.

#7 திருகாணி

லென்ஸ் பழுதுபார்ப்பது என் தொழில். ஃபங்கஸைப் பற்றி இரண்டு வார்த்தை.

இது ஈரப்பதத்தில் வளரும் பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் நிற்கும் இடத்தில், இருட்டுப் பெட்டிக்குள் மூடி வைத்தால் வந்துவிடும். தோல் உறைக்குள் "பத்திரமாக" வைத்திருந்த லென்ஸ்களில்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே காடு. அதனால் வெளி அழகு உள்ளே இருப்பதற்குச் சாட்சி இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்தால் கழற்றித் துடைத்தால் போய்விடும். நாளானால் அது விடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் சேர்த்த ஜோடியின் நடுவே புகுந்துவிட்டால் பெரும்பாலும் கை வைக்கவே முடியாது.

இப்போது வெண்கலமணியின் கேள்விக்கு வருகிறேன். விற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள ஆகும் நேரம் ஐந்து விநாடி. கையில் இருக்கும் போனின் டார்ச் போதும். வாங்குபவருக்கோ, பொருள் கைக்கு வரும் வரை பார்க்க வழியே இல்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஒருவரால் ஐந்து விநாடியில் பார்க்க முடியும், இன்னொருவரால் பார்க்கவே முடியாது என்றால், பார்த்துச் சொல்லும் கடமை யாருக்கு?

இதோடு சேர்த்து இன்னொன்று. "சோதிக்கவில்லை" என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சாதாரண பென்டார்ச் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும் ஃப்ளாஷுக்கு "சோதிக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதியதைப் பார்த்தால் "ஓடவில்லை" என்று நினைத்துக்கொண்டே நான் விலை கேட்பேன்.

#8 ஓரக்குறிப்பு

இந்தச் சண்டைக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். சட்ட வரலாறு படிப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரோமில் சந்தையைக் கண்காணிக்க ஈடில் என்ற அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் போட்ட ஆணை ஒன்று, அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றது. மனிதரைச் சரக்காக வைத்த சந்தை அது, அந்தக் கொடுமையை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. விதியின் கட்டமைப்பை மட்டும் பாருங்கள். குறையைச் சொல்லாமல் விற்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம், ஒரு வருஷத்துக்குள் விலையைக் குறைக்கக் கேட்கலாம். விற்றவர் "எனக்கே தெரியாது" என்று சொன்னால் அது ஏற்கப்படவில்லை. அதே சமயம், பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரியும் குறைக்கு வாங்கியவர் புகார் சொல்ல முடியாது.

கடைசி விதியைக் கவனியுங்கள். அவர்கள் எதிரெதிரே நின்று வாங்கினார்கள். நாம் பொருளைப் பார்க்காமலே வாங்குகிறோம். நம் கண் போகக்கூடிய தூரம் அந்த மூன்று படங்கள் வரைதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1815-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வியாபாரி புகையிலை வாங்கினார். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த போர் முடிந்து சமாதானம் ஆகிவிட்ட செய்தி அவருக்கு முன்கூட்டியே தெரியும், விற்றவருக்குத் தெரியாது. செய்தி பரவியதும் புகையிலை விலை 30 முதல் 50 சதவீதம் ஏறிவிட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1817-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வாங்கியவர் அந்தச் செய்தியைத் தானாக முன்வந்து சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்றார். மௌனமாக இருந்தால் தப்பில்லை என்பவர்கள் இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் மார்ஷல் சொன்ன காரணத்தைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். தகவல் இரண்டு பேருக்கும் சம அளவில் எட்டக்கூடிய இடத்தில் இருந்தது என்பதுதான் அவருடைய அடிப்படை. விற்பவர் வீட்டு மேஜை மேல் இருக்கும் லென்ஸின் உள்பக்கம் எனக்குச் சம அளவில் எட்டுமா? எட்டாது. திருகாணி கேட்டதும் இதே கேள்விதான்.

#9 நூல்கண்டு

என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் வாங்கினேன், மின்சாரத்தில் ஓடுவது. குறிப்பில் "தையல் மெஷின், நன்றாக ஓடும்" என்று இருந்தது. வந்த பெட்டியில் மெஷின் மட்டும். கால் பெடல் இல்லை, மின் கம்பி இல்லை. கேட்டால், "நான் மெஷின்தானே விற்றேன், பெடல் என்று எங்கே எழுதினேன்" என்றார். இங்கே கேட்ட அதே பேச்சு.

மனசு விட்டுப்போயிற்று. பெடல் இல்லாமல் அவர் எப்படி "நன்றாக ஓடும்" என்று பார்த்தார்? ஓட்டிப் பார்த்தது உண்மை என்றால் பெடல் அவரிடம் இருந்திருக்க வேண்டும். இல்லை என்றால் ஓட்டியே பார்க்கவில்லை. இந்த ஒரு கேள்வியைத்தான் தளத்துக்கு எழுதின புகாரிலும் கேட்டேன், வேறு எதுவும் எழுதவில்லை. பணம் திரும்பி வந்தது.

#10 ரசீதுக்கட்டு

நூல்கண்டு அம்மா எழுதியது மாதிரிதான் புகார் இருக்க வேண்டும். எழுதின வாக்கியம் ஒன்று, வந்த பொருள் ஒன்று, இரண்டும் ஏன் சேரவில்லை என்று ஒரு காரணம். கோபம், வசவு, "என்னை ஏமாற்றிவிட்டார்" எல்லாம் வேண்டாம். புகாரைப் படிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனையோ படிப்பார்.

பணம் செலுத்தும் வழிகளில் சில வருஷம் வேலை பார்த்தவன் நான். நாள் கணக்கு முக்கியம், அதனால் சொல்கிறேன். ஈபேயில் பொருள் வந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாளுக்குள் "குறிப்பில் சொன்னபடி இல்லை" என்று பதிய வேண்டும். விற்பவர் "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. பலருக்கு இது தெரியாமல், அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். பணம் செலுத்தும் சேவையான பேபாலில், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை டிஸ்ப்யூட், அதாவது விற்றவரோடு தகராறு என்ற பதிவு, திறக்கலாம். திறந்த பிறகு 20 நாளுக்குள் அதைக் க்ளெய்மாக, அதாவது பேபாலே முடிவு சொல்லும் புகாராக, மாற்றாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க முடியாது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்த 20 நாளைக் கடத்தத்தான். விசா கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்க வழக்கமாக 120 நாள். அதற்கு முன்னால் விற்றவரிடம் பேசிப் பார்த்ததற்கும், திருப்பித் தர முயன்றதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

இந்த இழையின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது பேபாலின் விதிதான். பொருளில் முக்கியமான பாகமோ அம்சமோ இல்லாமல் இருந்து, வாங்கும் நேரத்தில் அது குறிப்பில் வெளிப்படுத்தப்படவில்லை என்றால், அது "சொன்னபடி இல்லை" என்ற கணக்கில் வரும். ஆக, சொல்லாமல் விட்டதும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எதிர்ப்பக்கமும் அதே விதியில் இருக்கிறது. பயன்படுத்திய பொருள் என்று சொல்லி விற்றதில் லேசான கீறல் இருந்தால் அது புகாருக்கு ஆகாது. குறையைச் சரியாக எழுதியிருந்தாலும் ஆகாது. மரப்பெட்டி ஐயா பயப்பட வேண்டாம், எழுதியவரை விதி காப்பாற்றும்.

பேச்சு முழுவதும் தளத்தின் மெசேஜிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்றால் போகாதீர்கள். தெரிந்தவர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் கட்டச் சொன்னாலும் கட்டாதீர்கள், அந்த முறையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பாதிப் பணம் தருகிறேன், முதலில் கேஸை மூடுங்கள் என்று கேட்டால் கண்டிப்பாக மூடாதீர்கள்.

#11 நிழல்கோடு

ரசீதுக்கட்டு, நீங்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து மெசேஜ். "மூன்றில் ஒரு பங்கு திருப்பித் தருகிறேன், இதோடு முடித்துக்கொள்வோம், போனில் பேசலாம்."

#12 ரசீதுக்கட்டு

போனில் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் பேசி முடித்ததும், பேசியது என்ன என்பதைத் தளத்தில் ஒரு மெசேஜாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

#13 வெண்கலமணி

நான் சொன்னதில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். அந்த எஃப்/16 படமும், சம அளவில் எட்ட வேண்டும் என்பதும் என்னை யோசிக்க வைத்தன. லென்ஸின் உள்பக்கத்துக்கு நான் சொன்னது பொருந்தாது.

ஆனால் கேள்வி கேட்கும் பொறுப்பை நான் விடமாட்டேன். விற்பவர் எல்லாருக்கும் எல்லாம் தெரியாது என்பது உண்மைதானே. என் அத்தை தன் வீட்டுப் பழைய ரேடியோவை விற்றார். ஒலி வந்தது, "ஓடுகிறது" என்று எழுதினார். வாங்கியவர் சிற்றலை எடுக்கவில்லை என்று சண்டை போட்டார். அத்தை வாழ்நாளில் சிற்றலை கேட்டதில்லை, அப்படி ஒரு பொத்தான் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த மனிதர் எழுதிய வார்த்தைகளில் அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதை நேரில் பார்த்தவன் நான். சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் ஏமாற்று என்று அழைப்பதை அதனால்தான் எதிர்க்கிறேன்.

#14 மரப்பெட்டி

வெண்கலமணி, உங்கள் அத்தையின் விஷயம் எனக்குப் புரிகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பது வேறு, திருடன் என்று பேர் வாங்குவது வேறு. முதலாவது நடக்கலாம், இரண்டாவது நடந்திருக்கக் கூடாது. வாங்கியவர்கள் புகார் எழுதும்போது இதை நினைத்துக்கொண்டால் நல்லது. மறைத்தார் என்று எழுத வேண்டியதில்லை, குறிப்பில் இல்லை என்று எழுதினால் போதும். அவர் மனசில் என்ன இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமும் நமக்கு வராது.

நானும் ஒரு தடவை விட்டிருக்கிறேன். டிரைபாட் ஒன்று விற்றேன். கால்கள், பூட்டுகள், தலை எல்லாவற்றையும் பற்றி நீளமாக எழுதினேன். கேமராவை மாட்டும் அந்தச் சின்னத் தகடு இல்லை என்பதை எழுதவில்லை. மறைக்க நினைக்கவில்லை, அது என் இன்னொரு டிரைபாடில் மாட்டியபடியே இருந்தது. என் கண்ணுக்கு எதுவும் குறையவில்லை. வாங்கிய பெண் எழுதினார், "ஐயா, எல்லாம் அருமை, ஆனால் கேமராவை எதன்மேல் வைப்பது?" என்று. தகட்டைக் கழற்றி மறுநாளே அனுப்பினேன். விற்கிறவருக்குத் தன் பொருள் பழகிப்போயிருக்கும். இருப்பதைத்தான் பார்ப்பார், இல்லாதது கண்ணில் படாது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும், இந்தப் பொருள் நாளைக்கே எனக்குப் பார்சலில் வந்தால் பெட்டியைத் திறந்ததும் எதைத் தேடுவேன் என்று கேட்டுக்கொள்வேன். தேடுவது எதுவோ அது இருக்கிறதா இல்லையா என்பதை முதல் வரியில் எழுதுவேன். லேப்டாப் என்றால் சார்ஜரும், தொடக்கத்திலேயே கேட்கும் பாஸ்வேர்டு நீக்கப்பட்டதா என்பதும். போன் என்றால் பழைய கணக்கின் பூட்டு எடுக்கப்பட்டதா என்பது. பூட்டு எடுக்காத போன் வெறும் கல்லுதான், கண்ணாடியில் கீறலே இல்லை என்று எத்தனை வரி எழுதினாலும்.

#15 சாம்பல்குருவி

குறையை முதல் வரியில் எழுதினால் யார் வாங்குவார்கள் மரப்பெட்டி அண்ணா? விற்பனை படுத்துவிடாதா?

#16 ஓரக்குறிப்பு

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஈபே 1995-இல் தொடங்கியபோது, அதை நிறுவிய பியர் ஒமிடியார் தன்னிடம் இருந்த உடைந்த லேசர் பாயின்டர் ஒன்றை விற்பனைக்குப் போட்டார். அந்தத் தளத்தில் விற்ற முதல் பொருள் என்று அந்த நிறுவனமே சொல்வது அதைத்தான். வாங்கியவருக்கு ஒமிடியார் எழுதிக் கேட்டார், இது உடைந்தது என்று தெரியும்தானே என்று. தெரியும், உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்தது. உடைந்ததற்கும் ஆள் இருக்கிறார். உடைந்தது என்று சொன்னால்தான் அந்த ஆள் வருவார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்துக் காட்டினார். எது நல்ல கார், எது கோளாறு கார் என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் இரண்டுக்கும் நடுவான விலைதான் தருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விற்காமல் போய்விடுவார். மிஞ்சுவதில் கோளாறு அதிகமாகும், விலை இன்னும் இறங்கும். 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மரப்பெட்டி மாதிரி எழுதுகிறவர்கள் கட்டுப்படியாகாமல் விலகிப்போவதைத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. நிழல்கோடு ரிட்டர்ன் கேட்பது அவருடைய பணத்துக்காக மட்டும் இல்லை என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

#17 திருகாணி

கேள்வி கேட்பது பற்றி வெண்கலமணி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். "நன்றாக இருக்குமா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கும்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியால் பயன் இல்லை. "அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து போன் டார்ச் அடித்து ஒரு படம் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். தெரியாதவர்கூட அதைச் செய்துவிடுவார், அவருக்கு ஃபங்கஸ் என்றால் என்ன என்று தெரிய வேண்டியதே இல்லை. மறுத்தால், அந்த மறுப்பே பதில்.

இதையும் எழுதியது வாங்கும் முன் செய்ய வேண்டியதற்காகத்தான். கேட்காமல் விட்டதால் உரிமை போய்விடும் என்று நான் சொல்லவில்லை.

#18 நிழல்கோடு

ரிட்டர்ன் பதிந்துவிட்டேன். எழுதியது இவ்வளவுதான்: "குறிப்பில் நல்ல நிலை என்று உள்ளது. உள்கண்ணாடிகள் இரண்டில் பூஞ்சை இருக்கிறது, அது குறிப்பிலும் இல்லை, படங்களிலும் தெரியவில்லை. மூன்றாவது படத்தில் அபெர்ச்சர் 16-இல் மூடியிருக்கிறது." டார்ச் படம் இரண்டு, ஜன்னல் படம் ஒன்று சேர்த்தேன். மறைத்தார் என்ற சொல்லைப் போடவில்லை. மரப்பெட்டி ஐயா, அந்த வரியை முதலில் எழுதி, நீங்கள் சொன்ன பிறகு அழித்தேன்.

மூன்றில் ஒரு பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் பேசினோம். குரலைக் கேட்டால் வயதானவர். டார்ச் அடித்துப் பார்த்ததே இல்லை என்றார். லென்ஸ் அவர் தம்பியுடையதாம், பல வருஷம் தோல் உறையிலேயே இருந்ததாம். நம்புகிறேன். ஆனால் ரிட்டர்னைத் திரும்ப எடுக்கவில்லை. எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த வேறு ஒரு லென்ஸை எடுத்துப் பார்த்திருக்கிறார். "அட, இதில் ஒன்றும் இல்லையே" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

#19 வெண்கலமணி

நல்லபடியாகப் பேசினீர்கள். அத்தையிடம் ரேடியோ வாங்கியவரும் இப்படிப் பேசியிருக்கலாம்.

#20 நிழல்கோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். லென்ஸ் போய்ச் சேர்ந்தது, அனுப்பின செலவும் சேர்த்து முழுப் பணமும் வந்துவிட்டது.

அவர் அதையே மறுபடி போட்டிருந்தார். நான்காவதாக ஒரு படம் சேர்த்திருந்தார், அபெர்ச்சர் முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம், வலை வலையாக எல்லாமே தெரிகிறது. குறிப்பின் முதல் வரி: "பின்பக்கக் கண்ணாடிகள் இரண்டில் பூஞ்சை உள்ளது. வெளி உடல் நல்ல நிலை." விலையைக் குறைத்திருந்தார். இன்று பார்த்தேன், விற்றுவிட்டது.

#21 திருகாணி

வாங்கியது நான்தான். நேற்று வந்தது, படத்தில் இருந்த அதே வலை. பின்பக்கக் கண்ணாடிக் குழுவைக் கழற்றினேன். கடைசிக் கண்ணாடியில் இருந்தது துடைத்ததும் முழுசாகப் போய்விட்டது. அதற்கு முந்தையதில் ஓரமாக நகக்கண் அளவு தழும்பு நிற்கிறது, அது போகாது. நான் விற்கும்போது குறிப்பில் எழுதிவிடுவேன்.